மூன்று நாய்களும் ஒரு காரும்: டேப்போடு போய்ப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று நாய்கள். ஜெர்மன் ஷெப்பர்டு 35 கிலோ, ஒன்பது வயது லாப்ரடார் 32 கிலோ, பீகிள் 12 கிலோ. நாங்கள் இருவர், ஆறு வயதில் ஒரு மகள். இப்போதுள்ள ஹேட்ச்பேக்கில் எல்லோரும் சேர்ந்து போக முடிவதே இல்லை. ஐந்து இருக்கை எஸ்யூவி வாங்கலாமா, ஏழு இருக்கை எம்பிவி வாங்கலாமா? எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

பதில்: உங்களுக்கு ஏழு இருக்கை எம்பிவிதான் சரிப்படும். மூன்றாவது வரிசையை எப்போதும் மடக்கியே வைத்திருக்க வேண்டியிருக்கும். நடுத்தர அளவு எஸ்யூவி வெளியிலிருந்து பெரிதாகத் தெரிந்தாலும், பின்சீட்டுக்குப் பின்னால் தரையின் ஆழம் பெரும்பாலும் 70 முதல் 85 செ.மீ.தான். அதில் ஒரு பெரிய நாய் நன்றாகப் படுக்கும். இரண்டு படுத்தால் ஒன்றன் மேல் ஒன்று சாயும். எம்பிவியில் மூன்றாவது வரிசையை மடக்கினால் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ கிடைக்கும். இரண்டாவது வரிசை முன்னும் பின்னும் நகரும் வகையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இடம் சேரும். தரை தாழ்ந்த எஸ்டேட் ரகக் கார் (கூரை பின்கதவு வரை நீண்ட, பெரிய டிக்கி உள்ள கார்) கிடைத்தால் அதையும் தயங்காமல் பாருங்கள். வயதான நாய்க்கு அதைவிட வசதியான வண்டி குறைவு.

விளம்பரத்தில் வரும் டிக்கி லிட்டர் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். பல தயாரிப்பாளர்கள் 20×10×5 செ.மீ. கொண்ட ஒரு லிட்டர் கட்டைகளை உள்ளே அடுக்கி எண்ணித்தான் அந்த அளவைச் சொல்கிறார்கள். சக்கர வளைவுக்குப் பின்னால் இருக்கும் சந்து, தரைப் பலகைக்கு அடியில் உள்ள குழி எல்லாம் அதில் சேர்ந்துவிடலாம். நாய்க்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

அதனால் முதலில் நாய்களை அளங்கள். நாய் நிற்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தரையிலிருந்து தலை உச்சி வரை உயரம், ஒருக்களித்துப் படுக்கும்போது கால் நீட்டிய அகலம். பிறகு காரில் ஐந்து அளவுகள் எடுங்கள்: தரையின் ஆழம், இரு சக்கர வளைவுகளுக்கு நடுவே உள்ள அகலம், டிக்கி வாயின் உயரம், சீட் முதுகை ஒட்டிய உயரம், நிலத்திலிருந்து டிக்கி விளிம்பு வரை உள்ள உயரம். தரையில் எடுத்த ஆழத்தை 60 செ.மீ. உயரத்தில் மறுபடியும் எடுங்கள். பின்கண்ணாடி சரிந்த கார்களில் இந்த இரண்டு அளவுக்கும் 20 செ.மீ.க்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். தரையளவை மட்டும் பார்த்துக் கூண்டு வாங்கியவர்களுக்கு டிக்கி கதவு மூடாமல் போவது இதனால்தான்.

கூண்டைப் பற்றி ஒன்று. ஜெர்மன் ஷெப்பர்டு அளவு நாய்க்கு வீட்டில் வைக்கும் மடக்குக் கம்பிக் கூண்டு ஏறக்குறைய 107 செ.மீ. நீளம், 71 செ.மீ. அகலம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 142 செ.மீ. ஆகிவிடும்; சக்கர வளைவுகளுக்கு நடுவே சுமார் 100 செ.மீ.தான் இருக்கும். ஆகவே நடுவில் தடுப்பு உள்ள, டிக்கி கதவுப் பக்கம் சரிவாக வெட்டிய, காருக்கென்றே செய்த இரட்டைக் கூண்டைத்தான் பார்க்க வேண்டும். சீட் பக்கமாகத் திறக்கும் அவசரக் கதவு அதில் இருக்கட்டும். பின்னாலிருந்து யாராவது மோதி டிக்கி நசுங்கினால் நாய்களை வெளியே எடுக்க அந்த வழிதான் மிஞ்சும். வாங்கும் முன் அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை ஒட்டி எடுத்துப் போய்க் காரில் வைத்து, கதவை மூடிப் பாருங்கள்.

அடுத்தது எடை. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உங்கள் நாய்கள் மூன்றும் 79 கிலோ. பெரியவர்கள் இருவர் 150, மகளும் அவள் இருக்கையும் 30, கூண்டு 40, தண்ணீர், உணவு, பைகள் 40. கூட்டினால் 339 கிலோ. தாத்தா பாட்டியும் ஏறினால் 470ஐத் தொடும். சிறிய கார்கள் பலவற்றின் சுமைத் திறன் 400 முதல் 450 கிலோதான். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் அது தெரியும். சில நாடுகளின் கணக்கில் வெற்று எடையிலேயே ஓட்டுநருக்கென 75 கிலோ சேர்ந்திருக்கும். எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ அச்சிட்டிருக்கும். நாய்களோடு கிளம்பும் நாளில் அந்த அளவுக்குக் காற்றடியுங்கள். பின்பாரம் கூடினால் வண்டியின் மூக்கு தூக்கி, முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கைத் தாழ்த்தும் திருகு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

லாப்ரடாருக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். 75 செ.மீ. உயர டிக்கியிலிருந்து தினமும் குதித்து இறங்கினால் முன்னங்கால் மூட்டுகள்தான் அடி வாங்கும். 60 செ.மீ.க்குக் குறைவான விளிம்பு நல்லது. அதற்கு மேல் என்றால் சாய்வுப் பலகை வேண்டும். விளிம்பு 70 செ.மீ., பலகை 160 செ.மீ. என்றால் சாய்வு சுமார் 26 டிகிரி. பல நாய்கள் அதில் ஏறத் தயங்கும். 180 செ.மீ. பலகையில் அது 23 டிகிரியாகக் குறையும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கட்டும். முதலில் வீட்டுத் தரையில் பலகையைக் கிடத்தி நடக்கப் பழக்குங்கள். நேராகக் காரில் சாய்த்து ஏற்றினால், ஒருமுறை வழுக்கிய நாய் அப்புறம் அந்தப் பலகையைக் கண்டாலே ஒதுங்கும். பலகையை எங்கே வைப்பது என்பதையும் கார் பார்க்கும்போதே யோசித்துவிடுங்கள்.

ஏசியின் காற்று டிக்கி வரை போகிறதா என்பது நாயின் உயிர் சம்பந்தப்பட்டது. முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள பின்துவாரம் இரண்டாவது வரிசைக்கு மட்டுமே காற்று தரும். உயரமான கூண்டுக்குப் பின்னால் அது எட்டாது. மேற்கூரையிலோ மூன்றாவது வரிசைப் பக்கவாட்டிலோ துவாரம் உள்ள எம்பிவியைத் தேடுங்கள். டெஸ்ட் டிரைவில் ஒரு வெப்பமானியை டிக்கித் தரையில் வைத்து, 20 நிமிடம் ஓட்டிய பிறகு முன்சீட்டு அளவோடு ஒப்பிடுங்கள். நிறுத்திய காரில் நாயை விட்டுப் போவது எந்தக் காரிலும் கூடாது. வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரியும் அரை மணியில் சுமார் 19 டிகிரியும் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். சில கார்களில் ஓட்டுநர் இல்லாமல் கொஞ்ச நேரம் போனால் இன்ஜின் தானாக நின்றுவிடும்.

கட்டாமல் விட்ட நாய் விபத்தில் மற்றவர்களுக்கும் ஆபத்து. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, அரை மீட்டருக்குள் உடல் நிற்கிறது என்று வையுங்கள். 35 கிலோ ஷெப்பர்டின் மேல் வரும் விசை ஏறக்குறைய 700 கிலோ எடைக்குச் சமம். கூண்டை டிக்கித் தரையில் உள்ள உலோக வளையங்களோடு இறுக்கும் பட்டையால் கட்டுங்கள். பிளாஸ்டிக் கொக்கிகள் காய்கறிப் பைக்கு மட்டுமே தாங்கும். வளையம் எத்தனை, எங்கே என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

பீகிளைப் பின்சீட்டில் ஒரு கதவோரமாக, மோதல் சோதனை செய்த நெஞ்சுப்பட்டையோடு சீட் பெல்ட்டில் கோத்து உட்கார வையுங்கள். மகள் மறு ஓரத்தில். நடுவிடம் காலியாக இருக்கட்டும். கழுத்துப்பட்டையில் ஒருபோதும் கோக்காதீர்கள், கழுத்து முறியும். நாய்களை முன்சீட்டில் ஏற்றாதீர்கள். காற்றுப்பை விரியும் வேகம் அவற்றுக்கு ஆகாது. பின்கண்ணாடிப் பொத்தான்களை ஓட்டுநர் பூட்டி வைக்க முடிகிறதா என்றும் சோதியுங்கள். பாதம் பட்டாலே கண்ணாடி இறங்கிவிடும்.

உள்ளலங்காரத்தில், முடியை விடாமல் பிடித்துக்கொள்வது மெத்தென்ற துணி சீட்டும் தரைக் கம்பளமும். வழவழப்பான செயற்கைத் தோல் துடைக்க எளிது. துளையிட்ட, காற்று வரும் சீட் வேண்டாம், துளைகளில் முடி அடைத்துக்கொள்ளும். டிக்கியில் விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு அவசியம். பல கார்களில் டிக்கித் தரைக்கு அடியில் ஸ்டெப்னியோடு பேட்டரியோ மின்னணுப் பெட்டியோ இருக்கும். சிறுநீர் இறங்கினால் அரிப்பு அங்கே தொடங்கும். ஹைபிரிட் கார் பார்த்தால், பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின்சீட்டோரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் வடிகட்டியில் நாய் முடி அடைந்தால் பேட்டரி சூடேறிப் பழுதாகும். ஏசி வடிகட்டியையும் கையேடு சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

மின்கார் என்றால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பைக் குறைந்த அளவில் வையுங்கள். அந்த இழுப்பில் நாய்களுக்குக் குமட்டும்.

பழைய எம்பிவி வாங்குவதானால், மடக்கிய மூன்றாவது வரிசையின் மேல் கையால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் சரிவும் இடைவெளியும் இருக்கும். 12 மி.மீ. ஒட்டுப்பலகையை அளவெடுத்து வெட்டி, அசையாமல் பொருத்தி, மேலே ரப்பர் விரித்தால் சமமாகிவிடும். பலகை போட்ட பிறகு எஞ்சும் உயரத்தை மறுபடி அளந்துவிட்டுத்தான் கூண்டுக்குப் பணம் கட்டுங்கள்.