குழந்தைகளுக்காகப் பாடிய அமெரிக்கப் பாடகி எல்லா ஜென்கின்ஸின் 'அழைப்பும் மறுமொழியும்' என்ற பாடல் முறை எத்தகையது?

ஒருவர் ஓரடி பாட, கேட்பவர்கள் அதையே திருப்பியோ அதற்கான பதிலடியையோ பாடுவதே இம்முறை. நம்மூர் பஜனையில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். சிகாகோவில் வளர்ந்த, முறையான இசைப்பயிற்சி பெறாத எல்லா ஜென்கின்ஸ் (1924–2024), ஃபோக்வேஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட தம் முதல் இசைத்தட்டிலேயே இதைக் கையாண்டார். ஒரு நேரத்தில் ஓரடியை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்பதால், எழுத்தே அறியாத நான்கு வயதுக் குழந்தையும் தயங்காமல் சேர்ந்துகொள்ளும். உகுலேலே என்ற சிறிய நான்கு தந்திக் கருவியை மீட்டிப் பாடியவர், பிள்ளைகளுக்காகச் சற்றே நிறுத்தும் அந்த நொடிதான் பாட்டின் உயிர் என்பது என் எண்ணம். 2004-இல் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது கிடைத்தது. இம்முறையை அவரே உருவாக்கினார் என்று கருதுவது பிழை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்கு வந்த பழைய மரபு அது.