அப்பாவை முதல் கட்டச் சோதனையில் சேர்க்கலாமா?

கேள்வி: டர்பனில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முதல் கட்டச் சோதனை ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கிறதாம். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். ஆனால் ராத்திரி 2 மணிக்கு அப்பாவுக்கு முடியாமல் போனால் யார் போனை எடுப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்களும் டர்பனில்தான், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். என் கணவரின் அண்ணன் இப்படி ஒரு சோதனையில் இருந்தார். இரண்டாவது டோஸ் முடிந்து பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு. பக்கத்து டாக்டர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, போக்கை நிறுத்த மாத்திரை கொடுத்தார். அண்ணி காலண்டரில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டு வந்தார். மூன்றாம் நாள் பதினோரு கோடு. அதற்குப் பிறகுதான் அண்ணன் பர்ஸிலிருந்த, அவசரத்துக்குக் கூப்பிடச் சோதனைக் குழு கொடுத்த அட்டை ஞாபகம் வந்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். மருந்து தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி குடலையே தாக்கியிருந்தது. ஸ்டீராய்டு ஏற்றித்தான் அடங்கியது. முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இது அபூர்வமாக நடப்பதல்ல. நம் எதிர்ப்பணுக்களுக்கு சிடிஎல்ஏ-4, பிடி-1 என்று இரண்டு பிரேக் உண்டு. இபிலிமுமாப் என்ற மருந்து முதலாவதையும் நிவோலுமாப் என்ற மருந்து இரண்டாவதையும் எடுத்துவிடும். தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கு இரண்டையும் ஒன்றாகக் கொடுத்த முதல் கட்டச் சோதனையின் முடிவு 2013இல் வந்தது. ஒன்றாகப் பெற்ற 53 பேரில் பாதிக்கு மேல் கடுமையான பக்கவிளைவு. ஆனால் அதே ஜோடியைப் பெரிய சோதனையில் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். எல்லா ஜோடிக்கும் அந்த யோகம் இல்லை. எபகாடோஸ்டாட் என்ற மருந்தை, நிவோலுமாப் போலவே பிடி-1 பிரேக்கை எடுக்கும் பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்தபோது ஆரம்பத்தில் எவ்வளவோ நம்பினார்கள். 2018இல் பெரிய சோதனையில் அது தோற்றது.

முதல் கட்டத்தில் பார்ப்பது உடம்பு எந்த அளவைத் தாங்கும் என்பதைத்தான். பெரும்பாலும் மூன்று பேருக்கு ஒரு அளவு, தாங்கினால் அடுத்த மூவருக்குக் கூடுதல். அப்பா எந்த வரிசையில் வருவார் என்று கேளுங்கள். நிவோலுமாப், இபிலிமுமாப் ஜோடிக்குச் சிறுநீரகப் புற்றுநோயிலும் 2018இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. அதையோ வேறு வழக்கமான சிகிச்சையையோ பார்த்தாகிவிட்டதா, மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) எதற்குப் பணம் தரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் அனுமதியும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இல்லாத சோதனை என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

எங்கள் அண்ணனுக்கு இரண்டு டோஸோடு மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு வருடம் கட்டி வளரவில்லை. அந்த வருடம் மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஜோகன்னஸ்பர்க் சுமார் 570 கிலோமீட்டர். டர்பனிலேயே ஒரு புற்றுநோய் டாக்டர் அவசரத்துக்கு அப்பாவைப் பார்ப்பதாக ஒப்புக்கொள்ளட்டும்; அவர் பெயரையும் எண்ணையும் சோதனைக் குழுவிடம் எழுதி வாங்குங்கள். அட்டை அப்பாவின் பர்ஸில் ஒன்று, அம்மாவிடம் ஒன்று இருக்கட்டும்.