ப்ளம்ஸ் ஒயின் ஏர்லாக் வழியாகப் பொங்கினால்

20 லிட்டர் கேனில் 18 லிட்டர் ப்ளம்ஸ் ஒயின் போட்டு, கோத்தகிரிக் குளிருக்காக ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைத்தீர்கள், மறுநாளே ஏர்லாக்கில் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடிக் குழாய்) நுரை பொங்கிவிட்டது என்கிறீர்கள்.

முதலில் கேன் வாயில் துணியைப் போட்டு, ஏர்லாக்கை மெதுவாகக் கழற்றுங்கள். பழத்தோல் அதை அடைத்திருந்தால் வாயு சேர்ந்து மூடியே தெறிக்கும். பொங்கி வழிவதைவிட ஆபத்து இதுதான்.

காலியிடம் போதவில்லை. கரியமில வாயு தோலையும் சதையையும் மேலே தூக்கி, கெட்டியான அடையாகக் கட்டிவிடும். மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். 20 லிட்டர் கேனுக்கு 13 லிட்டர் போதும். முதல் ஐந்தாறு நாளைக்குக் கேனே வேண்டாம் என்பேன். மொத்தத்தையும் சாப்பாட்டுக்கு உகந்த இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் பிரித்து ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டுங்கள். காலையும் மாலையும், கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் கரண்டியால் அடையை உள்ளே அமுக்கிவிடுங்கள். விட்டுவிட்டால் மேல்பக்கம் காய்ந்து பூஞ்சை பிடிக்கும், அல்லது காடியாகப் புளிக்கும்.

நுரை அடங்கியதும் வடிகட்டி, சக்கையில்லாமல் கேனுக்கு மாற்றி ஏர்லாக் போடுங்கள். இப்போது கழுத்துவரை நிரப்பலாம்; இந்தக் கட்டத்தில் காற்றுதான் எதிரி.

ஹீட்டரை எடுத்துவிடுங்கள். ஈஸ்ட் தானே சூடு கிளப்பும். 18 முதல் 22 டிகிரி போதும். ராத்திரிக்கு வாளியைச் சுற்றி ஒரு கம்பளி கட்டினாலே சரி.