துவைகல்லில் நீண்ட கை

அன்புள்ள சார்,

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மாமியார் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார், பேச்சும் போய்விட்டது. முன்பெல்லாம் ஒரு பதிகமாவது பாடாமல் பள்ளிக்குக் கிளம்ப மாட்டேன், பிரதோஷம் தவறியதில்லை. இப்போது விளக்கேற்றுவதே ஓட்டத்தில்தான். காலையில் எழுந்ததும் அவருடைய விரிப்பை அலசுவதில்தான் நாள் தொடங்குகிறது. திருமுறை வகுப்பில் ஒரு அம்மா, "முழு மனசோட அன்பு இருந்தா நேரம் தானா வரும்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. என் அன்பு அரைகுறைதானோ? இன்னொன்று, சிரிக்காதீர்கள். அந்த விரிப்பை அலசும்போது வாய்க்குள் பதிகம் சொல்லலாமா, தீட்டா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாரும் பூசலாரைத்தான் எடுத்துச் சொல்வார்கள். திருநின்றவூர்க்காரர், கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர், காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கையே இறைவன் அவருக்காகத் தள்ளிப்போடச் சொன்னான் என்று கதை. நல்ல கதைதான். ஆனால் பூசலாருக்கு இல்லாமல் போனது பணம், நேரம் இருந்தது. இரவில்கூடக் கண் மூடாமல் மனத்தில் வேலை பார்த்தார் என்கிறார் சேக்கிழார். ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிற உங்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் அந்த விரிப்பைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் திருக்குறிப்புத்தொண்டர். காஞ்சிபுரத்து வண்ணார். பெரிய புராணத்தில் அவர் வரலாற்றைத் தேடிப் போனால் சேக்கிழார் தொண்டை நாட்டையும் காஞ்சி நகரையும் நீள நீளமாகப் பாடி (முதல் தடவை நான் பொறுமை இழந்து பக்கங்களைத் தள்ளியிருக்கிறேன்) கடைசியில்தான் துறைக்கு வந்து சேர்வார். அடியார்களின் குறிப்பறிந்து தொண்டு செய்ததால் அவருக்கு அந்தப் பெயர். செய்த தொண்டு என்ன? அவர்களுடைய அழுக்குத் துணியை வெளுத்துக் கொடுத்தது. அவ்வளவுதான்.

ஒரு குளிர்காலத்தில் மெலிந்த கிழவர் ஒருவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார், வந்தது சிவன். துணியைத் தருகிறேன், ஆனால் பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தந்துவிட வேண்டும், குளிர் தாங்காது என்கிறார். சரி என்று வாங்கி வெளுக்கிறார் இவர். அப்புறம் பிடித்துக்கொள்கிறது மழை. விடவே இல்லை, பொழுதும் போய்விட்டது. இந்தக் குளிரில் அந்த உடம்பு என்ன பாடுபடும் என்று நினைத்ததும் துவைக்கிற கல்லிலேயே தலையை மோதப் போகிறார், மோத விடாமல் அந்தக் கல்லிலிருந்தே ஒரு கை நீண்டு பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் பெரிதாகத் தெரிவது கையைவிட அந்தக் குறிப்பு என்ற சொல்தான். பேச முடியாத ஒருவருக்கு இப்போது தாகமா, முதுகு வலிக்கிறதா, விரிப்பு நனைந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறீர்களே, அதற்குத் தமிழில் வேறு என்ன பெயர்? நான் இதில் தோற்றவன். அப்பா கடைசி நாட்களில் கட்டிலில் கிடந்தபோது பூஜையை முடித்துக்கொண்டு வருகிறேன் என்று அவரை அரைமணி நேரம் ஈரத்தில் கிடக்க விட்டிருக்கிறேன். அன்று ஒரு மந்திரம்கூட விட்டுப்போகவில்லை. வகுப்பில் அந்த அம்மா சொன்ன கணக்குப்படி பார்த்தால் நான்தான் முழு அன்புக்காரன்.

தீட்டு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஊர் அழுக்கெல்லாம் அடித்துத் துவைக்கிற கல்லிலிருந்து சிவன் கை நீட்டினான், உங்கள் வீட்டுத் துவைகல் மட்டும் அவனுக்கு ஆகாதா? தாராளமாகச் சொல்லுங்கள். வாய்விட்டே பாடுங்கள், மாமியார் காதிலும் விழட்டும். பேச்சுத்தானே போயிருக்கிறது.

ஆனால் ஒன்று, கோபப்படாமல் கேளுங்கள். இந்த மாதிரிக் கதைகளைக் காட்டியே நம் வீடுகளில் ஒரே ஒரு பெண்ணின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள், தொண்டு, புண்ணியம் என்று அதற்குப் பெயரும் வைப்பார்கள். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், கணவர் ஒரு வரியில்கூட வரவில்லை. அது அவருடைய அம்மா. திருக்குறிப்புத்தொண்டர் தலையை மோதப் போனபோது, ஆகா என்ன பக்தி என்று சிவன் வேடிக்கை பார்க்கவில்லை, தடுத்துவிட்டான். உங்களுக்கு அதற்காகக் கல்லிலிருந்து கை வர வேண்டியதில்லை, பக்கத்து அறையிலேயே இரண்டு கை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விரிப்பு அவருடையது என்று இன்றே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கோயிலுக்குப் போனாலும் சரி, படுத்துத் தூங்கினாலும் சரி.

அவர் என்ன பதில் சொன்னார் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.