சாவு பயமும் காளானும்

அன்புள்ள ஐயா,

நுரையீரல் புற்றுநோயில் அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. கடைசி மாதங்களில் வலியைவிட பயம்தான் அவரைத் தின்றது. கொடைக்கானல் போதைக்காளான் சாப்பிட்ட நண்பன், ‘அதன்பிறகு எனக்குச் சாவே ஒரு பொருட்டில்லை’ என்கிறான். அமெரிக்காவில் நோயாளிகளுக்கே இதைக் கொடுத்தார்களாமே? அவர்கள் காண்பது உண்மையா, மூளையின் மயக்கமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்கள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு, உயிருக்கு ஆபத்தான புற்றுநோயோடு மனச்சோர்வோ பதற்றமோ இரண்டுமோ கொண்டிருந்த 51 பேருக்கு, இவ்வகைக் காளான்களில் உள்ள சைலோசைபினைக் கொடுத்துப் பார்த்தது. முடிவு 2016ல் வெளியானது. ஆறு மாதம் கழித்தும் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு இரண்டும் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் ஒப்பீட்டுக்காக முதலில் மிகச் சிறிய அளவு பெற்றவர்கள் உட்பட, அதற்குள் எல்லோருமே பெரிய அளவு மருந்தையும் எடுத்து முடித்திருந்தார்கள். எடுக்காதவர்களோடு ஒப்பிட அப்போது ஆளில்லை. அதனால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன்.

உங்கள் நண்பனின் கதையில் இல்லாதவை சில உண்டு. மருந்துக்கு முன் பல மணி நேரப் பேச்சு. அன்று கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து, இசை போட்டு, கூடவே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மறுபடியும் பேச்சு. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தவர்களைச் சேர்ப்பதே இல்லை. காட்டில் பறித்ததற்கு அளவும் தெரியாது, துணையும் கிடையாது. போலீஸ் பிடித்தால் வழக்கு வேறு.

அவன் சொன்ன வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. அந்த நோயாளிகள் சாவை அலட்சியம் செய்யக் கற்றுக்கொண்டதாக ஆய்வு சொல்லவில்லை. வாழ்க்கைக்கு அர்த்தம் கூடியது, மனிதர்களோடு உறவு நெருக்கமானது என்றே சொன்னார்கள். மிச்சமிருந்த நாட்கள் அவர்களுக்குப் பொருட்டாயின.

கண்டது உண்மையா? ‘எல்லாம் ஒன்று’ என்ற அனுபவம் எவ்வளவு ஆழமோ, பலனும் அவ்வளவு கூடியது என்கிறது ஆய்வு. அதை வைத்து மறுமை உண்டு என்று நான் வாதிட மாட்டேன். பயம் விலகுவது வேறு, கண்ட காட்சிக்குச் சாட்சி கிடைப்பது வேறு.

கிரிஃபித்ஸுக்கே 2021 இறுதியில் முற்றிய குடல் புற்றுநோய் தெரியவந்தது; 2023 அக்டோபரில், 77 வயதில் இறந்தார். நோய் தெரிந்ததும் அவர் இவ்வகை மருந்தைத் தேடி ஓடவில்லை. பல வருடம் பழகிய தியானம் கைகொடுத்தது என்றார். பிறகு எல்எஸ்டி என்ற, சைலோசைபின் போன்ற இன்னொரு போதை மருந்தை எடுத்துப் பார்த்ததையும் மறைக்கவில்லை.