இறால் சாப்பிட்டால் தேவசித்தத்தை மீறுகிறோமா?

கேள்வி: என் கொழுந்தனார் சில மாதங்களாக ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை. சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்கிறார். வீட்டில் இறால் சமைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். "தோராதான் (மோசேயின் நியாயப்பிரமாணம்) தேவனுடைய சித்தம், இயேசுவே அதை அழிக்க வரவில்லை என்றார்" என்று மத்தேயு 5:17-ஐக் காட்டுகிறார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, அவர் சொல்வதில் பாதி சரி. அதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுங்கள், வாக்குவாதம் பாதி குறையும். நியாயப்பிரமாணம் என்றாலே காலாவதியான சரக்கு என்பதுபோல நம்மில் பலர் பேசுகிறோம். பவுல் அப்படிப் பேசவில்லை. பரிசுத்தமானது, நன்மையானது என்றே எழுதினார் (ரோமர் 7:12).

உபாகமம் 22:8-ஐ எடுத்துப் பாருங்கள். புதுவீடு கட்டினால் மேலே கைப்பிடிச் சுவர் வை, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது. அந்தத் தேசத்தில் தட்டையான கூரைதான், ஜனங்கள் அங்கே புழங்குவார்கள். அடுத்தவன் உயிருக்கு நீ பொறுப்பு என்பதைச் செங்கல் அளவுக்கு இறங்கிவந்து சொல்கிற சட்டம் இது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்கிற லேவியராகமம் 19:13-ம் அப்படித்தான். இவற்றில் தேவசித்தம் இல்லையென்று யார் சொல்ல முடியும்?

அப்புறம் இறால். செட்டையும் செதிளும் இல்லாதது ஆகாது என்பது லேவியராகமம் 11. அது சீனாயில் இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கைக்குள் வருகிற கட்டளை. யூத மரபு தோராவில் எண்ணுகிற 613 கட்டளைகளையும் ரபீக்கள் (யூத போதகர்கள்) புறஜாதியார்மேல், அதாவது யூதரல்லாதவர்கள்மேல், சுமத்துவதில்லை. அவர்களுக்கு, மனுக்குலம் முழுவதற்கும் பொதுவென்று யூத மரபு சொல்கிற நோவாவின் ஏழு கட்டளைகள் போதும் என்பார்கள். ரபீக்களே கேட்காததை உங்கள் கொழுந்தனார் கேட்கிறார்!

பேதுரு வீட்டின்மேல் ஜெபித்தபோது, வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியில் சகலவித மிருகங்களையும் கண்டு, 'அடித்துப் புசி' என்ற சத்தத்தைக் கேட்ட தரிசனத்தைச் சிலர் இறாலுக்கு அனுமதிச்சீட்டாகக் காட்டுவார்கள். அதைக் காட்டாதீர்கள். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாது என்றுதான் பேதுரு அதைப் புரிந்துகொண்டார் (அப்போஸ்தலர் 10:28). உங்களுக்கு வேண்டியது 15-ஆம் அதிகாரம். புறஜாதி விசுவாசிகள் விருத்தசேதனம் பண்ணி மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்று எருசலேமில் கூடிப் பேசினார்கள். நம் முன்னோரும் நாமும் சுமக்க முடியாத நுகத்தடி என்றார் பேதுரு. முடிவில் எழுதி அனுப்பியவை நான்கே: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகியவற்றுக்கு விலகியிருங்கள். அந்தக் கடிதத்தில் ஓய்வுநாளும் இல்லை, செதிளும் இல்லை.

மத்தேயு 5:17-ஐ அவர் அங்கேயே நிறுத்திவிடுகிறார். அழிக்க அல்ல, நிறைவேற்ற வந்தேன் என்று வசனம் முடிகிறது. தொடர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். கொலை செய்யாதே என்பது கோபம்வரை, விபசாரம் செய்யாதே என்பது பார்வைவரை போகும். தள்ளிவிட்ட தட்டைவிட, அதைத் தள்ளியபோது வந்த கோபத்தைப் பற்றித்தான் அந்த அதிகாரம் அதிகம் பேசுகிறது.

வீட்டில் என்ன செய்வது? அவர் வருகிற நாளில் சங்கரா மீன் வாங்குங்கள். இறாலுக்காக ஒரு சகோதரனை விசனப்படுத்த வேண்டாம் (ரோமர் 14:15). அவர் சனிக்கிழமை ஓய்ந்திருந்தாலும் இருக்கட்டும். ஆனால், இதைச் செய்தால்தான் இரட்சிப்பு என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். இதே கேள்விக்குப் பவுல் பதில் எழுதிய கலாத்தியர் நிருபத்தை அவரோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசியுங்கள். ஆறே அதிகாரங்கள்தான்.