மடங்காத கத்தி வாங்குவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் நண்பர்களும் விடுமுறை நாட்களில் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் உள்ள தனியார் தோட்டங்களில் கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம். கயிறு அறுக்க, காய் நறுக்க, அடுப்புக்குச் சுள்ளி சீவ இதுவரை ஒரு மடக்குக் கத்தியையே பயன்படுத்தினோம். அதன் கீல் தளர்ந்துவிட்டது. மடங்காத கத்தி ஒன்று வாங்க எண்ணுகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? (திருப்பத்தூர் மாவட்ட வாசகர்)

பதில்: நீங்கள் கத்தியின் பெயரைக் கேட்காமல் வேலைகளைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்வது எளிதாகிறது. கயிறு, காய்கறி, சுள்ளி ஆகிய மூன்றுக்கும் தேவைப்படுவது சிறிய, மெல்லிய, உங்கள் கையாலேயே தீட்டிக்கொள்ளக்கூடிய கத்தி. அலகின் நீளம் 9 முதல் 11 செ.மீ. வரையும், முதுகின் தடிமன் 2.5 முதல் 3 மி.மீ. வரையும் இருந்தால் போதும். 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள கனத்த கத்திகளை உறுதியானவை என்று சொல்லி விற்பார்கள். அவை எளிதில் உடையமாட்டா என்பது உண்மைதான். ஆனால் தக்காளியை நறுக்கப் போனால் நசுக்கும், கேரட்டை வெட்டப் போனால் ஆப்புப்போல் இறங்கிப் பிளக்கும், நாள் முழுவதும் இடுப்பில் தொங்கிக் கனக்கும். புதர் வெட்டவும் கிளை கழிக்கவும் நம் ஊரில் அரிவாளும் கொடுவாளும் இருக்கின்றன. அந்த வேலையையும் சிறு கத்தியின் வேலையையும் ஒரே கருவி செய்ய வேண்டும் என்று தேடுவதால்தான் பலர் இரண்டுக்கும் உதவாத ஒன்றை வாங்கி வருகிறார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பிடிக்குள் எஃகு எவ்வளவு தூரம் செல்கிறது என்பது. அலகு அதே அகலத்தில் பிடியின் கடைசி வரை நீண்டிருந்தால் அந்தக் கத்தியே மிக உறுதியானது. கத்தியை விறகின் மேல் வைத்து, முதுகில் கட்டையால் தட்டிப் பிளக்கும் எண்ணம் இருந்தால் அத்தகைய கத்தியையே வாங்க வேண்டும். சீவுதல், நறுக்குதல் மட்டுமே என்றால், எஃகு குறுகலாகி முக்கால் பிடி வரை சென்றாலும் குறையில்லை. உட்புறம் வெற்றிடமாக இருந்து, அதற்குள் தீக்குச்சியும் திசைகாட்டியும் வைத்திருக்கும் பிடியுள்ள கத்தியை வாங்க வேண்டாம். அதில் அலகும் பிடியும் சேரும் இடமே மிகவும் பலவீனமானது; அழுத்தி வேலை செய்யும்போது அந்த இடத்தில் முறிந்தால் காயம் உங்களுக்குத்தான். முதுகில் ரம்பப் பல் வெட்டிய கத்திகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பற்களால் மரம் ஒழுங்காக அறுபடாது. சீவும்போது முதுகில் கட்டை விரலை வைத்து அழுத்தவும் முடியாது.

மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் உள்ள மோரா என்ற ஊரின் கத்திகளைச் சொல்வேன். அந்தப் பகுதியில் 1891இல் தொடங்கிய ஒரு பட்டறையும் 1912இல் தொடங்கிய மற்றொன்றும் பிற்காலத்தில் ஒன்றாக இணைந்து, இன்று மோராக்னிவ் என்ற பெயரில் கத்திகளைச் செய்கின்றன. அவர்களுடைய கம்பானியன் வகையின் அலகு ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 2.5 மி.மீ. தடிமனும் கொண்டது. பிடி ரப்பர் போன்ற பொருளாலும் உறை பிளாஸ்டிக்காலும் ஆனவை. பார்வைக்கு எளிமையான கத்திதான், ஆனால் உலகெங்கும் தச்சர்களும் மீனவர்களும் மலையேறுவோரும் நம்பிப் பயன்படுத்துவது. தட்டிப் பிளக்கும் வேலைக்கு அதே நிறுவனத்தின் கார்பெர்க் பொருந்தும். அதில் எஃகு பிடியின் கடைசி வரை செல்கிறது, அலகின் தடிமன் 3.2 மி.மீ.; விலை கூடுதல்.

இந்தக் கத்திகளில் நான் மிகவும் மதிப்பது வாயின், அதாவது வெட்டும் ஓரத்தின், அமைப்பை. முதுகிலிருந்து சற்றுத் தூரம் வரை தட்டையாக வரும் அலகு, அதன்பின் இருபுறமும் ஒரே சரிவாக வாய்வரை இறங்குகிறது. வாயின் ஓரத்தில் இரண்டாவது சரிவு இருந்தாலும் மிக நுண்ணியதே. ஆகவே தீட்டும்போது எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. சரிவு முழுவதும் சாணைக்கல்லில் படியும்படி வைத்தால் சரியான கோணம் தானாகவே கிடைத்துவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது பெரிய உதவி. 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல்லின் மணி நுண்ணியதாகும்) தீட்டி, மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டதும் திருப்பிப் போட்டு, பிறகு 3000க்கு மேற்பட்ட எண்ணுள்ள கல்லில் மெருகேற்றி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் வாயைப் பின்னோக்கி இழுத்தால், தாள் சத்தமின்றி அறுபடும். கத்திக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கல்லுக்கு எடுத்து வையுங்கள். விலை உயர்ந்த கத்தியானாலும் மழுங்கினால் பயன்படாது. மழுங்கிய கத்திக்கு அதிக விசை தர வேண்டியிருப்பதால் அது வழுக்கிக் கையில் பாயும் வாய்ப்பும் அதிகம். தெருவில் சக்கரச் சாணை பிடிப்பவரிடம் இந்த வகைக் கத்தியைத் தரலாகாது. தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய வாய் சூடேறி நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

வெளிநாட்டுக் கத்திதான் வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. உங்கள் பகுதியில் தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தோய்த்துக் கடினமாக்குவது) நன்கு தெரிந்த கொல்லர் இருந்தால், லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து அருமையான கத்தி அடித்துத் தருவார். அந்தப் பட்டை நல்ல கரி கலந்த எஃகு, அதாவது கார்பன் எஃகு. அளவை வரைந்து கொடுத்து, "முதுகு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்லுங்கள், ஏனெனில் அரிவாள் அடித்துப் பழகிய கை இயல்பாகவே தடிமனாகத்தான் அடிக்கும்.

கேள்வி: கடற்கரையோரம் வசிக்கிறேன், தூண்டில் மீன்பிடிப்புக்கும் இந்தக் கத்தியே வேண்டும். கார்பன் எஃகு வாங்குவதா, துருப்பிடிக்காத எஃகு வாங்குவதா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான். அதில் குரோமியம் 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும். அதுவே எஃகின் மேல் மெல்லிய படலமாக நின்று காக்கிறது. சுவீடன் கத்திகளில் புழங்கும் 12சி27 என்ற எஃகில் குரோமியம் ஏறத்தாழ 13.5 விழுக்காடும் கரி 0.6 விழுக்காடும் உண்டு. கூரும் நிற்கும், தீட்டுவதும் கடினமில்லை. ஆனாலும் உப்புக்காற்றில் இந்த எஃகும் புள்ளி புள்ளியாகத் துரு ஏறக்கூடியதே. கடல்நீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கார்பன் எஃகு எளிதில் தீட்டப்படும், கூர் மிக நன்றாக வரும். எலுமிச்சையும் புளியும் பட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் அல்ல, செந்துருவைத்தான் விடக்கூடாது. துடைத்துச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும். எந்த எஃகானாலும் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: இத்தகைய கத்தியை எடுத்துச் செல்வதில் சட்டச் சிக்கல் உண்டா? (கோவை வாசகர்)

பதில்: 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் படைக்கலப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நான் மேலே சொன்ன 10 செ.மீ. அலகு அந்த அளவில் பாதிக்கும் குறைவு. எனினும் அளவு சிறியது என்பதற்காக இடுப்பில் தெரியும்படி மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் நடமாடுவது முறையல்ல. காவலர் விசாரித்தால் அதில் தவறும் இல்லை. உறையிலிட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் கூடாரச் சாமான்களோடு வைத்துச் செல்லுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்காகப் பதிவு செய்யும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கோவையிலிருந்து எழுதுவதால் மற்றொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடை செய்கிறது. ஆனைமலை, முதுமலை, களக்காடு முண்டந்துறை போன்ற இடங்களுக்குச் செல்லும்போது, "இது காய் நறுக்கும் கத்தி" என்று சோதனைச் சாவடியில் வாதாடும் நிலையை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். வனத்துறையின் வழிகாட்டியோடு நடக்கும் நடைப்பயணத்தில் கத்திக்கு வேலையும் இல்லை. அந்தப் பயணங்களுக்குக் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எடுத்துச் செல்லத்தான் வேண்டும் என்றால், புறப்படுவதற்கு முன்பே உரிய வன அலுவலகத்தில் கேட்டு அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.